ஈரத்தில் ஆடிய ஊசல்

அந்த வேலைக்குப் போகவே அவளுக்கு மனமில்லை. மருத்துவமனையில் புதிதாகக் கட்டிய சிகிச்சைக் குளத்தைச் சுற்றிக் கல் பதித்தவர் அவளுடைய தாய்மாமன். அந்தத் தரை வழுக்குமா என்று அளந்து சொல்ல வேண்டியவள் அவள். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி ஆய்வகத்தில் கெஞ்சிப் பார்த்தாள். ஆளில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க வழுக்கல் டாக்டரம்மா! நாடி பாக்கலாமா?"

கறுப்புக் கிரானைட் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. மழைக்காலம் முழுக்க அதை மெருகேற்றுவதிலேயே கிடந்திருக்கிறார் மனிதர்.

அவள் ஊசல் கருவியை நிறுத்தி மட்டம் பார்த்தாள். ஊசலின் நுனியிலுள்ள ரப்பர் கல்லை உரசிக்கொண்டு போகும். தரை பிடித்து இழுத்தால் ஊசல் சீக்கிரம் அடங்கும், முள் பெரிய எண்ணைக் காட்டும். காய்ந்த கல்லில் முள் நல்ல இடத்திலேயே நின்றது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு தண்ணீரைத் தெளித்துவிட்டு ஊசலை விட்டாள். எதிலும் படாதது போல அது விர்ரென்று மேலேறியது. இடத்தை மாற்றினாள், திசையை மாற்றினாள். அதே கதைதான்.

"தேறல மாமா."

"என்னது!" மாமா செருப்புக் காலோடு ஈரத்தில் விறுவிறுவென்று நடந்து காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா? உன் மெஷினுக்குக் கால் கிடையாது, எனக்கு இருக்கு!"

உடனிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாள் சிரித்துவிட்டார். "அடுத்த வாரம் திறக்கணுமே..." என்றும் இழுத்தார்.

எல்லோரும் ஒரு பக்கம், அவளும் முள்ளும் ஒரு பக்கம். மூலையில் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்க இங்க ஏன் மாமா வரப்போறாங்க? இதை ஊனி நடங்க."

மாமா ஊன்றினார். கோலின் முனை சர்ரென்று நழுவியது. சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்டின் சிரிப்பு நின்றது.

"பளபளப்பை எடுத்தா என் கல்லு செத்துரும்மா" என்றார் மாமா மெதுவாக.

"கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்."

திறப்பு தள்ளிப்போனது. அவள் வீட்டுப் பக்கம் மாமா வருவதும் நின்றது. "என் தம்பியை அப்படி என்னடி சொன்னே?" என்று அம்மா குடைந்தெடுத்தாள்.

ஒருநாள் மாமாவே கூப்பிட்டார். "ஒரு மூலையில மட்டும் சொரசொரப்பாக்கியிருக்கேன். வந்து ஆட்டிப் பாரு. சரின்னாதான் மிச்சத்துல கை வைப்பேன்."

ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஈரக் கல்லில் ரப்பர் கரகரவென்று உரசி நின்றது. முள் வேண்டிய எண்ணைத் தாண்டியிருந்தது. மாமா குனிந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை ஆட்டு."

ஆட்டினாள். அங்கேயேதான் நின்றது. மாமா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

குளம் திறந்த அன்று, பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவர் ஈரத் தரையைக் கடந்தார். துண்டை மறந்துவிட்டு வந்ததற்காக மனைவியிடம் வழிநெடுகச் சண்டை பிடித்துக்கொண்டே போனார். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

"என் கல்லை எவனாவது பாக்குறானா பாரு!" என்று மாமா அங்கலாய்த்தார். ஆனால் அவர் வாயெல்லாம் பல்லாக இருந்தது.