மேடத்தின் சட்டைக்கை

எங்கள் ஈஸ்ட் அறைக்குள் போகச் சாவி போதாது, மூக்கும் வேண்டும். முதலில் வந்தவர் அடுத்தவரின் கோட்டுக் கையை மோந்து பார்ப்பார். ரொட்டி வாசனை இருந்தால் வெளியே. வீட்டு ஈஸ்ட் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் எங்கள் வேலை நாசமாகிவிடும் என்று மேடம் போட்ட சட்டம் இது. பேராசிரியை என்பதால் அவரை மட்டும் யாரும் மோந்து பார்ப்பதில்லை. எனக்கு அப்போதே எரிச்சல்தான்.

நான் ரெண்டு ஈஸ்ட் வளர்க்கிறேன். ஒன்று ரொட்டி ஈஸ்ட், பேர் 'அண்ணன்'. இன்னொன்று அதன் தூரத்துச் சொந்தம், 'பங்காளி'. அண்ணன் சுத்தச் சோம்பேறி. எவ்வளவு காற்று கொடுத்தாலும் மூச்சுவிடாமல் சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டு கிடப்பான். அதனால் சுவாச ஜீன்களைப் புரத உருண்டைகளில் இறுக்கிச் சுற்றி, பீரோவின் அடித்தட்டுத் துணி மாதிரி மூடி வைத்திருப்பான். பங்காளி அவற்றைக் கைக்கெட்டும்படி திறந்தே வைத்திருப்பான். ஜீன்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், மடிப்புதான் வேறு. அந்த மடிப்பு எப்படி மாறியது என்பதுதான் என் ஆராய்ச்சி, என் பட்டம், என் தலையெழுத்து.

போன வாரம் பங்காளியின் மடிப்பை அளந்தால், அச்சு அசல் அண்ணன். குடுவையைத் திறந்தால் சாராய நெடி. உள்ளே பங்காளியே இல்லை, அண்ணன் ஜாதியில் வெளியாள் எவனோ புகுந்து அவனைத் தின்ன விடாமல் விரட்டியிருந்தான்.

"வீட்ல ரொட்டி சுட்டியா?" என்றார் மேடம். "சுட்டிருந்தா இந்த வேலை இனிமே சோடாபுட்டிக்கு."

சோடாபுட்டி என்பது கண்ணாடிக்காரச் சக மாணவன். அவன் உடனே பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டான், பாவி.

"எனக்கு வெந்நீரே ஒழுங்கா வைக்க வராது மேடம். என் மாமியாரைக் கேளுங்க, சந்தோஷமா சாட்சி சொல்லுவாங்க."

மேடம் நம்பவில்லை. ஆத்திரத்தில் எல்லோர் கோட்டுக் கையையும், ஈஸ்ட் வளரும் கூழ் ஊற்றிய தட்டில் ஆளுக்கொன்றாக அழுத்தச் சொன்னேன். "எனக்கென்ன பயம்?" என்று மேடமும் அழுத்தினார்.

ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால், என் தட்டு பளிச்சென்று இருந்தது. மேடத்தின் தட்டில் வெள்ளை வெள்ளையாய் ஈஸ்ட். டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தேன். குடுவையில் புகுந்தவனேதான்.

மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரிட்டயரானதுலேர்ந்து வீட்டுக்காரர் ரொட்டி சுடறார். நான் திங்க மட்டும்தான் செய்யறேன். கோட்டை சமையலறையில மாட்டுவேன்."

மறுநாள் காலையில் வராந்தாவிலேயே நின்று, மன்னிப்பாக ஒரு பொட்டலம் நீட்டினார். சூடான ரொட்டி. வேலை என்னிடமே இருக்கும் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நின்ற இடத்திலேயே பாதியைத் தின்று தீர்த்தேன்.

பிறகு புதுப் பங்காளியை வளர்க்க அறைக்குப் போனேன். வாசலில் சோடாபுட்டி. என் கோட்டுக் கையை நிதானமாக மோந்து பார்த்தான்.

"நீங்க வெளியவே இருங்க," என்றான். "இன்னைக்குப் பங்காளியை நான் பாத்துக்கறேன்."