இரண்டு ரிங், பிறகு ஒரு ரிங்

மணவாளன் பண்ருட்டியில் அந்த போனை வாங்கிக்கொண்டு வந்த அன்று, அவர் மனைவி அமிர்தம் வாய்க்கு வந்தபடி பேசினாள். தெருவே விரலால் தேய்க்கிற போன் வைத்திருக்கும்போது, இந்த மனுஷன் மட்டும் செங்கல் மாதிரி ஒன்றைத் தூக்கி வந்து, "ரெண்டு சிம்மு போடலாம், டார்ச்சு இருக்குது, ஒரு தடவ சார்ஜ் போட்டா ஒரு வாரம் நிக்கும்" என்று பீற்றிக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இரண்டாவது சிம் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து உட்கார்ந்திருந்தவன் சும்மா கொடுத்தது. அந்த நம்பர் மகளுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. காடாம்புலியூரில் முந்திரித் தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. தேய்க்கிற போன்கள் மறுநாளே கண்ணை மூடின. நான்காம் நாள் காலையிலும் மணவாளனின் போனில் பாட்டரிக் கோடு இரண்டு அப்படியே நின்றது. அமிர்தம் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். இதைச் செய்தவன் உள்ளே அப்படி என்னதான் வைத்திருக்கிறான் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் எந்த சிம்முக்கும் டவர் இல்லை.

அன்று காலை புவனகிரியிலிருந்து சிங்காரம் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மகள் பவானி வாழ்க்கைப்பட்ட வீட்டுச் சொந்தம்.

"அத்த, பதறாத. புயல் அன்னிக்கி பவானிக்கு வலி கண்டுடுச்சி. டிராக்டர்ல ஏத்திக்கினு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. அப்புறம் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியல. ரோடு பூரா மரம்."

பவானிக்கு அது எட்டாம் மாதம். புயலுக்கு முன்பே அழைத்து வந்துவிடலாம் என்றார் மணவாளன். மார்கழியில் வேண்டாம், தை பிறக்கட்டும், வளைகாப்பு போட்டு அழைத்து வரலாம் என்று தள்ளிப்போட்டது அமிர்தம்தான்.

"ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் ஓடும் மாமா. பவானி போன்ல சார்ஜ் இருக்கும், அடிச்சுப் பாருங்க" என்றான் சிங்காரம்.

டவர் கிடைக்கிறதா என்று மூவரும் விழுந்துகிடந்த பலாமரத்தின் மேல் ஏறினார்கள். முதல் சிம் செத்தே கிடந்தது. யாருக்கும் தெரியாத அந்த இரண்டாவது சிம்மில் ஒற்றைக் கோடு டவர் முளைத்திருந்தது! அமிர்தத்துக்குக் கை கூப்பத் தோன்றியது. மணவாளன் அடித்தார். மணி போனது. உடனே கட் ஆனது. மறுபடி அடித்தார், மறுபடி கட்.

"புது நம்பர்னா அவ எடுக்கவே மாட்டா. காலர் டியூன் விக்கிறவன்னு நெனைச்சிக்குவா" என்றார் அவர்.

"போன் அவகிட்டதான் இருக்குதோ, வேற யார்கிட்ட இருக்குதோ. இங்க குடுங்க" என்று அமிர்தம் பிடுங்கினாள்.

கல்யாணமாகிப் போன நாள் முதல் தாயும் மகளும் தினமும் பேசிக்கொள்வது மிஸ்டு காலில்தான். இரண்டு ரிங் விட்டு கட். பிறகு ஒரு ரிங் விட்டு கட். நல்லாயிருக்கேன் என்று அர்த்தம். பதிலும் அதே மாதிரி வரும். வீட்டைத் தாண்டி ஒருவருக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

அமிர்தம் இரண்டு ரிங் விட்டாள். நிறுத்தினாள். ஒரு ரிங் விட்டாள். நிறுத்தினாள்.

போன் சும்மா கிடந்தது. சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அடித்தது. இரண்டு ரிங். நின்றது. ஒரு ரிங். நின்றது.

மகள் உயிரோடு இருக்கிறாள்! அமிர்தம் மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிதம்பரம் எங்கே, இந்தச் சாய்ந்த மரம் எங்கே? வழியெல்லாம் அடைத்துக் கிடக்க, இத்தனூண்டு பெட்டி எப்படித்தான் அவளைக் கொண்டுவந்து காட்டியதோ. பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மணவாளன் பச்சைப் பொத்தானை அமுக்கப் போனார். அதற்குள் போன் மறுபடி அடித்தது. இரண்டு ரிங். நின்றது. ஒரு ரிங். நின்றது.

"இன்னாத்துக்கு ரெண்டு தடவ குடுக்கறா? டவர் கோளாறா?"

"கோளாறு ஒண்ணுமில்லீங்க" என்றாள் அமிர்தம். அதற்குள் அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது. "மொதல்ல அடிச்சது அவளுக்கு. இது புள்ளைக்கி."