அறுவடைக்குப் பிந்திய மாதங்கள்

பூட்ஸ் கழலவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில், தம்பியின் காலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா இழுத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். உள்ளே மழைத் தண்ணீர் புகுந்து காலைக் கவ்விப் பிடித்திருந்தது.

"வெட்டிடலாம்மா," என்று ஊழியர் கத்திரியை எடுத்தார்.

"வேணாம். புதுசு அது. எங்க வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது."

சொன்ன பிறகுதான், இனி அது புதுசாக இருந்து என்ன என்று உறைத்தது. ஆனாலும் கத்திரியை அண்ட விடவில்லை. இழுத்தே கழற்றினாள். உள்ளிருந்து சேறு கொட்டியது.

வாலிப வயசில் தம்பிக்கு மனசு கலங்கிப்போயிற்று. மருந்து அவன் காதுக்குள் கேட்ட சத்தங்களை அடக்கியது. கூடவே அவனையும் அடக்கிவிட்டது. அம்மா போன பிறகு அக்கா வீட்டுக்கு வந்தவன், அறையை விட்டு வெளியே வரவில்லை. "உன் தம்பி சுவரோட குடித்தனம் நடத்துறான்," என்பார் அவள் வீட்டுக்காரர். அதில் பாதி கேலி, பாதி கவலை.

பிறகு ஊரின் ஓரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் தோட்டம் போட்டது. நோயில் விழுந்து எழுந்தவர்கள், வேலை போனவர்கள், கேட்க நாதியில்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்து காய்கறி பயிரிடும் இடம். அக்கா கெஞ்சிக் கூத்தாடி அவனை அங்கே அனுப்பினாள். முதலில் வேலியோரம் சும்மா நின்றான். பிறகு தண்ணீர் ஊற்றினான். ஒருநாள் சாப்பிடும்போது தானாகவே வாய் திறந்து, "அக்கா, தக்காளிக்குக் கம்பு நட்டாச்சு," என்றான். வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆனால் தோட்டத்துக்குப் பருவம் உண்டு. விதைக்கும்போது திறப்பார்கள். அறுவடையன்று எல்லோரையும் கூடைகளோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். குளிர் தொடங்கினால் பூட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் தம்பி மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒவ்வொரு வருஷமும் அவனை முதலிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

இந்த வருஷம் படுக்கவில்லை. தினமும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தான். நேற்று மழை கொட்டியது; அவன் வீடு திரும்பவில்லை. அக்காவும் வீட்டுக்காரரும் தேடாத இடமில்லை. கேட் வரைக்கும்கூடப் போனார்கள். பூட்டு தொங்கியதைப் பார்த்துவிட்டு, இங்கே இருக்கமாட்டான் என்று திரும்பிவிட்டார்கள். வேலி ஏறிக் குதித்திருக்கிறான். காலையில் காவலாளி பார்த்தபோது, பாத்தியோரம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் நுனியைப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தான். அந்தப் பாத்தியில் மூடிக் காப்பாற்ற ஒரு செடிகூட இல்லை.

புதைக்கும்போது நிறுவனத்து மேடம் வந்தார். தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் வேனில் கூட்டிவந்திருந்தார்.

"ரொம்ப நல்லவருங்க. அடுத்த சீசன்ல ஒரு பாத்திக்கு அவர் பேரையே வைக்கலாம்னு இருக்கோம். நல்ல போட்டோ ஒண்ணு கிடைச்சா…"

"தினமும் கேட்டுக்கு வெளிய நின்னானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

மேடம் கொஞ்சம் தடுமாறினார். "காவலாளி சொன்னார். ஆனா எங்களுக்கு வர்ற உதவி சீசனுக்கு மட்டும்தாங்க. குளிர்ல நிலத்துல வேலையும் இல்லையே."

"நிலத்துக்கு வேலை இல்ல, சரி. அவன் எங்க போவான்?"

வீட்டுக்காரர், "விடும்மா," என்று தோளைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"போட்டோ உங்ககிட்டதானே மேடம் இருக்கு. வருஷா வருஷம் எடுத்தீங்களே. சிரிச்ச மாதிரி ஒண்ணு பார்த்துப் போட்டுக்கோங்க."

குழி மூடியதும் உறவுக்காரர்கள் கலைந்தார்கள். வேனில் வந்தவர்கள் நகரவில்லை. அவர்களில் ஒருவரை 'வாத்தியார்' என்று கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் பள்ளியில் பாடம் நடத்தியவர். பிறகு பேச்சு அரிதாகிப்போனவர். தம்பியோடு ஒரே பாத்தியில் வேலை செய்தவர். அவர் மெல்லக் குனிந்து, மேட்டின் சரிந்த விளிம்பைக் கையால் ஒதுக்கித் தட்டினார். மற்றவர்களும் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். கட்டிகளை உடைத்தார்கள், கல்லைப் பொறுக்கினார்கள்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். வாத்தியார் தப்புச் செய்து அகப்பட்டவரைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப நாளாச்சும்மா, மண்ணைத் தொட்டு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடு சீராகிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த, யாருடையதோ ஒரு மேட்டுக்கு நகர்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு மேடாகப் பிரிந்து போனார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். "நேரமாச்சு, வாங்க," என்று மேடம் கூப்பிட்டார்.

யாரும் தலை நிமிரவில்லை. வாத்தியார், பிடுங்கிய புல்லின் வேரிலிருந்து மண்ணை உதறி, ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்.