தூங்குமூஞ்சி எழுப்பி

கேலிச்சித்திரக்காரர் செத்து மூன்று வருஷத்தில் அவர் வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. கூடத்தின் நடுவில், கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பது அவர் கண்டுபிடித்த ‘தூங்குமூஞ்சி எழுப்பி’. கடிகாரம் அடித்தால் கோலிக்குண்டு தகரக் குழாயில் உருளும். ஒரு பழைய செருப்பை உதைக்கும். செருப்பு குவளையைக் கவிழ்க்கும். தண்ணீர் தூங்கும் மனைவியின் முகத்தில் கொட்டும். அதை வைத்து வாராவாரம் அவர் பத்திரிகையில் போட்ட படங்களைப் பார்த்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் நனைந்த மனைவி எழுந்து உட்கார்ந்து ஒரு நொண்டிச்சாக்கு சொல்வாள். அந்தச் சாக்குதான் சிரிப்பே.

அந்த மனைவியை உலகம் தூங்குமூஞ்சி என்றே அறியும். நாமாவது நர்ஸம்மா என்போம். பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்துக் குடும்பத்துக்குச் சோறு போட்டவள் அவள்தான். காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். அந்த நேரம் பார்த்து மகாராஜன் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். இவ்வளவுக்கும், அவர் கிறுக்கிய தாள் ஒன்று விடாமல் அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் காப்பாற்றியதும் இவளேதான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

திறப்பு நாளன்று மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கூண்டுக்கு முன்னால வச்சிருக்கிற போர்டுல கீழ ஒரு வரி எழுதுப்பா. நான் நைட் டியூட்டி நர்ஸுன்னு.”

“அதைப் போட்டா யாரும்மா சிரிப்பாங்க? பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

“சொல்லட்டுமே. ஒருத்தராவது சொல்லட்டும்.”

“அப்பா பேரைக் கெடுக்காதம்மா.”

போர்டில் இல்லாவிட்டால் போகிறது, வாயால் சொல்லிவிடலாம் என்று கூட்டம் நிறைந்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “இவங்கதான் அந்தத் தூங்குமூஞ்சி!” என்றான் மகன். கைதட்டல் காதைப் பிளந்தது.

“நான் சோம்பேறி இல்லீங்க,” என்றாள் நர்ஸம்மா. “ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு வருவேன். அதனாலதான் பகல்ல தூங்கினேன்.”

முன்னால் நின்ற ஒருவர் கொல்லென்று சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. படத்து மனைவியின் புதுச் சாக்கு என்றே அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள். “நிஜமாத்தாங்க, நம்புங்க,” என்று அவள் அழ அழச் சிரிப்பு கூடியது.

மகன் அவள் காதருகே குனிந்தான்.

“பிரமாதம்மா! நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வர்றாங்க. இதையே சொல்லு. அழுகையும் இருக்கட்டும்.”