மலைக்கு முதுகு காட்டிய காலை

சோங்கோல் ஏரியில் பனிமலை தலைகீழாகத் தெரிய வேண்டும். தண்ணீரில் ஒரு சுருக்கம் கூடாது, ஆளோ ஆடோ குறுக்கே நிற்கக் கூடாது. இந்த ஒரு படத்துக்காக மூன்று வருடமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருடம் மேகம், போன வருடம் காற்று. எங்கள் நரின் நகரப் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சியில் இதுவரை என் படம் ஒன்றுகூட ஏறியதில்லை.

இந்தச் செப்டம்பரில் எல்லாம் கூடி வந்தது. மலையில் புதுப் பனி. சூரியன் எங்கே எழும் என்று கைபேசியில் பார்த்து, முந்தின மாலையே முக்காலிக்கு இடம் பிடித்துவிட்டேன். விடிந்தால், கோடைக்கு ஏரிக்கரையில் தங்கிய மேய்ச்சல்காரர்கள் கூடாரத்தைப் பிரித்துக் கீழே இறங்குகிறார்கள். அப்புறம் கணவாயைப் பனி மூடிவிடும்.

நானும் என் கணவர் தாலந்தும் அவர்களில் ஒருத்தியான ஊல்கான் அக்காவின் கூடாரத்தில் தங்கியிருந்தோம்.

"அக்கா, விடியறதுக்கு முன்னாடியே ஏரிக்குப் போயிடுவேன். எனக்கு டீ வேண்டாம்."

"ரொட்டி பிட்டு வாயில வைக்காம என் வாசலைத் தாண்டுவியா? அந்த மலையா உனக்கு ரொட்டி போடப் போகுது?"

"விடுங்கக்கா," என்றார் தாலந்த். "வெளிச்சம் நல்லா இருக்குன்னு கல்யாணத்தன்னைக்கே என்னைத் தனியா விட்டுட்டுப் போனவ இவ."

எங்கள் வழக்கத்தில் ரொட்டி தொடாமல் கிளம்பும் விருந்தாளி, வீட்டுக்காரியின் முகத்தில் கரி பூசியதாக அர்த்தம். தெரிந்தேதான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நழுவினேன்.

ஏரி அசையவே இல்லை. சிகரம் சிவக்க ஆரம்பித்தது. கேமராவுக்குள் இரண்டு மலைகள் தெரிந்தன. வெளிச்சம் அடிவாரம் வரை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் சளப்சளப்பென்று சத்தம் கேட்டது. கையில் ஒரு மூட்டையோடு ஊல்கான் அக்கா குதிரையிலேறி ஆழமில்லாத தண்ணீர் வழியாகக் குறுக்கே வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! தண்ணியில வராதீங்க! சுத்தி வாங்க!"

"கேக்கல! இதோ வந்துட்டேன்!"

மலை சுக்குநூறானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் இறங்கி, மூட்டையைப் பிரித்து, பாலாடை தடவிய ரொட்டியை நீட்டினாள். பிடுங்கிக் கடித்தேன்.

"கோவமா மென்னா செரிக்காது, சல்தனாத்."

"அப்படியே நில்லுங்க. குதிரையும் அசையக் கூடாது," என்று எரிந்து விழுந்துவிட்டு மறுபடி குனிந்தேன். அலை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு வெளுப்பதற்குள் தண்ணீர் தெளிந்துவிடும் போலத் தோன்றியது. குதிரை ஒழுங்காக நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

அக்காவின் காதில் வெள்ளித் தொங்கட்டான்கள். நேற்று இல்லை. மேலே சிவப்பு வெல்வெட் மேல்சட்டை. கூடாரம் பிரிக்கும் நாளில், ரொட்டி கொண்டுவர, யார் இப்படி வருவார்கள்? நான் பார்த்ததும் அவசரமாக முக்காட்டை இழுத்துக் காதை மறைத்தாள்.

"சும்மாதான் போட்டேன். நீ பாட்டுக்கு எடு."

"அக்கா, உங்களை யாராவது தனியா படம் எடுத்திருக்காங்களா?"

"அடையாள அட்டைக்கு எடுத்தாங்க. அதுல எனக்கே நான் அத்தை மாதிரி இருந்தேன்."

வெயில் குன்றைத் தாண்டி அவள் முகத்தில் விழுந்தது. லென்ஸை மாற்றித் திரும்பினால் மலை போச்சு. மலைக்காகக் காத்திருந்தால் இந்த முகம் போச்சு. முக்காலியைத் தூக்கித் திருப்பி வைத்தேன்.

அதற்குள் வந்து சேர்ந்த தாலந்த் அலறினார். "ஏய், மலை அந்தப் பக்கம்!"

"வாயை மூடுங்க. முக்காட்டைத் தள்ளுங்கக்கா."

அவள் தோளை நிமிர்த்தினாள். எடுத்தேன். திரையைக் காட்டியதும் குதிரையின் கடிவாளத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டாள். திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பின்னால் காற்று எழுந்து ஏரி முழுக்கச் சிலிர்த்துப் போயிருந்தது. சத்தியமாக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"பல்லு ரொம்பத் தெரியுது," என்றாள் கடைசியில். "இன்னொண்ணு எடு. இந்தத் தடவை வாயை மூடிக்கிறேன்."

எடுத்தேன். மூடவே இல்லை.