வலது காலில் புறப்பட்டவர்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, என் அண்ணன் மகளிடமிருந்து சுட்டது. பள்ளி பேண்டுக்கு அவள்தான் தலைவி, குஞ்சம் வைத்த கோலோடு முன்னால் நடக்கிறவள். வீட்டில் நாங்கள் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறோம். "எழுதிக்கோங்க அத்தை, ஆனா என்னை அழ மட்டும் வைக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காலைப் பனியில் முரசுகள் கண்விழித்து—'

சீச்சீ. முரசாவது, கண்விழிப்பதாவது.

2

நேராக விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டு விழாவில் மூத்தவர்களோடு புதிதாகச் சேர்ந்த பொடிசுகளும் அணிவகுக்க வேண்டும். பொடிசுகளைத் தேற்றும் பொறுப்பு கேப்டனுக்கு. பெரிய டிரம்மில் அடி விழும்போது இடது கால் தரையில் பட வேண்டும்; பேண்டின் அரிச்சுவடி அது. இவள் அவர்களுக்கு எதிரே, முகம் பார்த்து நின்றுகொண்டு, தன் இடது காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அத்தனை பொடிசுகளும் வலது காலைத் தூக்கினார்கள். எல்லோரும் ஒன்றாகத் தூக்கியதால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

(இது கூடவா தெரியாது என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். அவள் என்னை எதிரே நிறுத்தி நடந்து காட்டினாள். நானும் வலது காலைத்தான் தூக்கினேன்.)

3

விழாவுக்கு முந்தின நாள் இரண்டு குழுவையும் சேர்த்து நடத்தியபோது குட்டு வெளிப்பட்டது. மூத்தவர்கள் ஒரு பக்கம் சாய, பொடிசுகள் மறுபக்கம் சாய்ந்தார்கள். காலை மாற்றச் சொன்னால் கை தாளத்தை விட்டது. தாளத்தைப் பிடித்தால் கால் பழைய குருடி கதவைத் திறடி என்று வலதுக்கே போனது.

இங்கே பேண்டு மாஸ்டரை வில்லனாக்கி, மீசையெல்லாம் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கேப்டன் படித்துவிட்டு, "பாவம் அத்தை, அவருக்கு மீசையே கிடையாது. அன்னிக்குத் தொண்டை வேற கட்டியிருந்துச்சு" என்றாள். கிழித்துப் போட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சின்னதுங்க இந்தத் தடவை உட்கார்ந்து பாக்கட்டும்மா. நீயே அவங்ககிட்ட சொல்லிடு."

புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்துவிட்ட பிள்ளைகளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

4

முதல் முடிவு: பொடிசுகள் ஒரே ராத்திரியில் காலை மாற்றிப் பழகி— நடக்கிற காரியமா இது?

இன்னொரு முடிவு: கேப்டன் கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேம்பி— (நிபந்தனை ஞாபகம் வந்துவிட்டது.)

நடந்தது வேறு. அவள் மூத்தவர்களிடம் போனாள்.

"நாளைக்கு நாம எல்லாரும் வலது கால்ல கிளம்புவோம்."

"மண்டை குழம்பிடுச்சா உனக்கு? நாங்க எதுக்குத் தப்பா நடக்கணும்?" என்றான் டிரம்பெட்காரன்.

"தப்பு என்னோடதுதான். ஆனா அதுங்களால இப்ப மாத்த முடியாது. உங்களால முடியும்."

"மாஸ்டர் திட்டினா?"

"என்னைத் திட்டட்டும்."

அவன் குனிந்து தன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான். "சரி, ஒரு தடவை நடந்து பாப்போம்" என்றான். நடந்தார்கள். தடுமாறினார்கள், பொடிசுகளையும் சேர்த்துக்கொண்டு மறுபடி நடந்தார்கள். மாஸ்டர் பார்த்துவிட்டு, கட்டிய தொண்டையோடு, "ஒண்ணா இருந்தா சரி" என்றார்.

5

மறுநாள் பேண்டு முழுவதும் வலது காலில் புறப்பட்டது. மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். காலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசிப் பொடிசு வளைவு திரும்பிப் போகும்வரை பார்வையாளர் கூட்டத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டேன் பாருங்கள் ஒரு பெருமூச்சு, பக்கத்திலிருந்தவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு நிம்மதி.

சுபம் போட்டிருப்பேன். அதற்குள் சிம்பல் தட்டும் சிறுமி, கொசு என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, பெரியவங்க எல்லாம் இத்தனை நாளா தப்புக் காலை எடுத்துட்டு இருந்தாங்க, இல்ல? பரவால்ல, நேத்து எங்களைப் பாத்து கத்துக்கிட்டாங்க."

டிரம்பெட்காரன் பக்கத்திலேயே நிற்கிறான். கேப்டன் வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கோலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கொசு உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பெருமை தாங்கவில்லை அவளுக்கு. ம், சொல்லுங்கள்.