பெட்ரோலுக்குள் போகும் வயர்

கடலூர் செம்மண்டலத்துக் கார்ப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே, வெளிச்சம் சரியாக வராத அந்த நேரத்தில், மீரான் தரையில் மல்லாந்து கிடந்தான். அவன் முகத்துக்கு நேர் மேலே அறுபத்து நான்காம் வருடத்து அம்பாசடரின் பெட்ரோல் டேங்க். அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளின் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. ஸ்பேனரை இரண்டு கையாலும் உந்தினான். துரு பொலபொலவென்று கண்ணில் கொட்டியது. முதல் நாளே வடித்துவிட்ட டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் சட்டைக்குள் வழிந்து அக்குளை எரித்தது.

"வுடாத மச்சான், இன்னும் ஒரே போல்ட்டு" என்றான் எதிர்ப்பக்கம் கிடந்த டிங்கர் ஆண்டி. டேங்கின் பாரம் முழுவதும் அவன் நெஞ்சில் இருந்தது.

இருவரும் டேங்கை இறக்கி வெளியே இழுத்துப் போட்டபோது நன்றாக விடிந்திருந்தது. சீட் தைக்கும் தில்லையம்மாள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு மணிக்கு இன்னொரு எலெக்ட்ரீஷியன் தைரியராஜ் வந்தான். தேய்த்த சட்டை, தோளில் தோல் பை. முதலாளி இளவரசு எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க தைரியராஜ். டீ சொல்லட்டா?"

மீரான் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்த்தான். பதினோரு வருடமாக இந்தப் பட்டறையில் வயரிங் செய்கிறான். இன்றுவரை அவன் "டேய் மீரான்"தான். பஹ்ரைனில் கராஜ் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் வந்தவனுக்கு "ங்க" போட்டுப் பேச்சு. போன தையில் ஒரு பழைய பியட்டை முழுக்க வயரிங் செய்தவன் மீரான். பத்திரிகைக்காரர் வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் நிற்க முதலாளி கூப்பிட்டது தைரியராஜை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவன் மனைவி நஸீமா, "நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தைரியராஜ் கெட்டவனாக இருந்திருந்தால் தேவலை. வேலையில் ஒரு குறை கிடைக்குமா என்று மீரான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கிடைக்கவில்லை. அதுதான் அதிகமாக அறுத்தது.

இந்த அம்பாசடர் சிதம்பரத்து லாட்ஜ்காரர் ஒருவருடையது. வெயிலில் ஓடும்போது எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பழைய பம்ப் இழுக்காமல் வண்டி நின்றுவிடுகிறது. அதனால் டேங்குக்குள்ளேயே எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை இறக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலாளி வாங்கி வைத்திருந்த வயர்ச் சுருளைத் தைரியராஜ் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தான்.

"மொதலாளி, இது வூட்டு வயரு. பெட்ரோல்ல ஊறுனா மேல்தோல் உப்பி வெடிச்சுடும். பெட்ரோல் தாங்குற வயருதான் உள்ள போவணும். மூடியில வயர் வெளிய வர்ற எடத்துக்கு சீல் வெச்ச டெர்மினல் வேணும். மெட்ராஸ்லேர்ந்து வர ரெண்டு நாளாவும்."

"ரெண்டு நாளா? நாளைக்குக் காலையில வண்டி சிதம்பரத்துல நிக்கணும். கல்யாண ஊர்வலம். இன்னிக்கு மதியம் லாட்ஜ்காரரு வந்து ஓட்டிப் பாக்கப் போறாரு."

"பம்ப்போட வந்த வயரு நீளம் பத்தாது மொதலாளி. டேங்குக்குள்ளயே ஜாயிண்ட் போட்டா தப்பாயிடும்."

இளவரசு அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். காதருகே ஏதோ சொன்னார். தைரியராஜ் சட்டென்று திரும்பி மீரானைப் பார்த்தான். முகம் சுண்டியிருந்தது.

சற்று நேரம் கழித்து மீரானிடம் வந்தான். "பாய், பம்ப் வயரோட வூட்டு வயரச் சேத்து உள்ள ஒரே ஒரு ஜாயிண்ட். இறுக்கி முறுக்கி டேப் சுத்தலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற?"

மீரானுக்குத் தெரியும். பெட்ரோலில் டேப்பின் பசை கரைந்துவிடும். முறுக்கு தளரும். டேங்க் நிறைந்து எல்லாம் மூழ்கியிருந்தால் காற்று இல்லை, நெருப்புப் பிடிக்காது. அடியில் கொஞ்சம் பெட்ரோலும் மேலே ஆவியும் காற்றும் இருக்கிற டேங்கில் ஒரு பொறி போதும். சொல்ல வாய் வரை வந்தது.

"பஹ்ரைன்ல பழகுன ஆளு நீங்க. நான் என்னத்தச் சொல்லப் போறேன்?" என்றான்.

சொன்னபோது இனித்தது. தைரியராஜ் டேப் சுருளை எடுத்துக்கொண்டு போனான்.

பதினோரு மணிக்கு, கீழே மாட்டுவதற்கு முன், டேங்கை டிக்கிக்குள் தூக்கி வைத்து, சோதித்துப் பார்க்க இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றினார்கள். பேட்டரியிலிருந்து நேராக வயர். நடுவில் பாதுகாப்புக்குப் பியூஸ் இல்லை, ரிலே இல்லை. எல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூடியை இன்னும் இறுக்கவில்லை. தைரியராஜ் குனிந்து அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"போடு" என்றார் இளவரசு. ஆண்டி சுவிட்சைப் போட்டான்.

பம்ப் ஒரு முறை முனகியது. அடுத்த நொடி 'பொப்' என்றொரு சத்தம். மூடி தெறித்தது. டிக்கியிலிருந்து நீலமும் மஞ்சளுமாக நெருப்பு எழுந்து தைரியராஜின் கைகளைச் சுற்றிக்கொண்டது. அவன் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தான். மீரான் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான். தில்லையம்மாள் சீட்டுக்கு வைத்திருந்த கேன்வாஸ் துணியோடு ஓடிவந்து தைரியராஜை அதில் சுருட்டினாள். ஆண்டி மணலை வாரி வாரி இறைத்தான்.

கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துவிட்டு மீரான் திரும்பியபோது இளவரசு அவனைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மீரான்."

உட்கார்ந்தான். மேஜையில் ஒரு தாள் டைப் அடித்துத் தயாராக இருந்தது. சரியான சாமான் வரும்வரை பொறுக்கும்படி முதலாளி சொன்னதாகவும், தைரியராஜ்தான் கேட்காமல் அவசரப்பட்டதாகவும் அதில் இருந்தது.

"போலீசு கேக்கும், இன்சூரன்ஸ் கேக்கும். நீங்க பாத்ததாக் கையெழுத்துப் போட்டாப் போதும். அவன் கை இனிமே வேலைக்கு ஆவாது. எலெக்ட்ரிக்கல் பூரா இனிமே உங்க பொறுப்புதான்."

இரண்டு வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தைகள். ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்ததை அவனால் மறைக்க முடியவில்லை. அந்தக் குளிர்ச்சியை உணர்ந்ததுமே தாளை எட்டத் தள்ளினான்.

"நாளைக்குச் சொல்றேன் மொதலாளி" என்று எழுந்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். முழங்கை வரை கட்டுப் போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்துத் தைரியராஜ் படுத்திருந்தான். மனைவி பெலிசியா ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மீரானைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றான் மீரான். "அந்த ஜாயிண்ட் பத்தி. நீங்க கேட்டப்ப வேணுமின்னேதான் சொல்லல. உங்க மேல எனக்குப் பொறாமை. ஜாஸ்திப் பொறாமை."

பெலிசியாவின் கையில் ஸ்பூன் நின்றது. "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

தைரியராஜ் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "மொதலாளி என் காதுல என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'மீரானா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான். உங்களால ஆவலன்னா சொல்லுங்க, அவன வெச்சுக்குறேன்.' ரெண்டு வருஷமா எதுக்கு வாயத் தொறந்தாலும் இதான். நான் பொறாமையிலதான் பாய் அந்த ஜாயிண்ட்ட போட்டேன்."

மீரான் முதலாளி நீட்டிய தாளைப் பற்றிச் சொன்னான். பெலிசியா மறுபடி கஞ்சியைக் கலக்கினாள். "நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு காலையில பாக்குறேன்" என்றாள்.

காலையில் பட்டறைக்கு எல்லாரும் வந்தார்கள். வேலையை யாரும் தொடவில்லை. நடந்ததை, தான் பேசாமல் இருந்ததையும் சேர்த்து, மீரான் எல்லாருக்கும் சொன்னான். ஆண்டி தலைகுனிந்தான். "சுவிட்சப் போட்டது நான்" என்றான்.

இளவரசு வந்தார். "என்ன, கூட்டம்?"

"அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் மொதலாளி. பொறுக்கச் சொன்னது தைரியராஜு. அவசரப்பட்டது நீங்க."

"யோசிச்சுப் பேசு."

"தைரியராஜ் ஆஸ்பத்திரிச் செலவு உங்களுது. நடந்தத நடந்தபடியே எழுதணும். எங்க எல்லாருக்கும் இன்சூரன்ஸ் வேணும். பெட்ரோலுக்குள்ள போற வயரு பெட்ரோல் தாங்குற வயராத்தான் இருக்கணும். சீல் டெர்மினல், பியூஸு, ரிலே, வண்டி மோதுனா பம்ப்ப நிறுத்துற சுவிட்சு, எல்லாம் வந்தப்புறம்தான் நாங்க கைவெப்போம்."

"பதினோரு வருஷம் சோறு போட்டவன் நான்!"

மிஷினை விட்டு எழுந்து வந்தாள் தில்லையம்மாள். "சோறு நாங்க ஆக்கித்தான் துன்னோம் மொதலாளி. நீங்க கூலிதான் குடுத்தீங்க."

"பண்ருட்டியில ஒரு போன் போட்டா பத்துப் பேரு வருவான்" என்று இளவரசு செல்போனை எடுத்தார்.

மீரானும் மற்றவர்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பைக்கில் ஒருவன் வந்தான். அஃப்சல் என்று பெயர். கருவிப் பையோடு நேராக அம்பாசடரிடம் போனான். கருகிய டிக்கிக்குள் குனிந்து பார்த்தான். உள்ளே அரைகுறையாகத் தொங்கிய வயரை விரலால் தொட்டான். கருகி உதிர்ந்த மேல்தோல் அவன் விரலில் ஒட்டியது.

"வெந்தது யாரு கை?" என்று கேட்டான்.

"தைரியராஜுன்னு ஒருத்தரு. ரெண்டு கையும்" என்றான் மீரான்.

அஃப்சல் விரலைப் பேன்ட்டில் துடைத்தான். "நான் செய்ய மாட்டேன் சார்" என்று இளவரசிடம் சொன்னான். பைக்கை நோக்கிப் போனவன் நின்று, திரும்பி வந்து, இவர்களோடு தரையில் உட்கார்ந்தான். "எங்க பட்டறையிலயும் இந்த வயருதான்" என்றான்.

இளவரசு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சிதம்பரத்திலிருந்து வந்த போன் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதுவதென்று முடிவானது. தில்லையம்மாளின் துணிக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார்கள். மீரான்தான் எழுதினான். நடந்ததெல்லாம் எழுதி முடித்துப் பெயர்களுக்கு வந்தபோது பேனா நின்றது.

"மொதல்ல தைரியராஜு பேர எழுது" என்றாள் தில்லையம்மாள்.

அப்போதும் உள்ளே ஒன்று சுருக்கென்று தைத்தது. இங்கேயும் முதலில் அவன்தானா? அந்த நினைப்பைக் கண்டு மீரானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தைக்கட்டும் என்று விட்டான். தைரியராஜ் என்று பெரிதாக, தெளிவாக எழுதினான். அதற்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஆண்டி பேனாவை வாங்கினான். தில்லையம்மாள் வாங்கினாள். அஃப்சலும் கையை நீட்டினான்.

"மொதல்ல ஆஸ்பத்திரி. பெலிசியா படிச்சுப் பாக்கட்டும்" என்றான் மீரான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினான். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார்கள்.